சரோஜா அத்தை சொல்லாத 'நான்'

நைனா,

நேற்று நீ போனில் படித்துக் காட்டியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. அந்த பஸ்ஸில் பாட்டு ஒருபக்கம், பெண்களின் பேச்சு ஒருபக்கம், அதில் உன்னோடு எதைப் பேசுவது? இன்று எனக்கு வார லீவு. உன் அப்பாவுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் பகல் ஷிப்ட். சோறு வடித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேசி வாய்ஸ் அனுப்பினால் போதாதா என்று கேட்பாய். பேசினால் எனக்குக் கோபம் முன்னால் வந்துவிடுகிறது, எழுதினால் யோசனை முன்னால் வருகிறது. நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

உன்னை அந்தக் கமிட்டியில் போட்டார்கள் என்றதும் உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "எம் புள்ள காலேஜுக்கே சட்டம் எழுதப் போறான்" என்று கவரைப்பேட்டை ஸ்டேஷன் டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. ஏஐ கருவிகளை மாணவர்கள் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று விதி எழுதும் கமிட்டி என்று அவருக்கு நான்தான் விளக்கினேன். திருநெல்வேலிக் கல்லூரியில் பாடம் நடத்தப் போய் இன்னும் ஒரு பருவம்கூட முடியவில்லை, அதற்குள் இப்படி ஒரு பொறுப்பு. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ படித்த முதல் விதி இருக்கிறதே, மாணவர் தரும் ஆய்வேட்டை மென்பொருளில் போட்டுப் பார்ப்பது, குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று காட்டினால் ஏட்டை ரத்து செய்வது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "மத்தவங்க எல்லாம் இதுதான் வேணும்ங்கறாங்கம்மா. நான் புதுசு. எதுத்துப் பேசினா நல்லா இருக்காது" என்றாய். நான் "உம்" என்றேன். அந்த 'உம்' சம்மதம் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நீ நின்ற பக்கத்திலிருந்து தெரியும். நான் நின்ற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உன் கமிட்டியில் யாருக்காவது காட்ட வேண்டும் என்றால் தாராளமாகக் காட்டு. அதனால்தான் உனக்குத் தெரிந்ததையும் விளக்கமாக எழுதுகிறேன். சரோஜாவிடம் நேற்று மதிய சாப்பாட்டின்போதே கேட்டுவிட்டேன், பெயரை மாற்றி எழுதட்டுமா என்று. "பேரை மாத்தினா மட்டும் யாருக்கும் தெரியாதா? என் கையப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது. பேரோடவே எழுதுக்கா" என்றாள்.

சரோஜாவும் நானும் ஒரே பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தவர்கள். நான் பேக்கிங், அவள் பிரஸ். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி, கார் கதவுக்குள் போகும் சின்னச் சின்னப் பாகங்களாக வெட்டித் தள்ளும் மிஷின். கை உள்ளே இருந்தால் அச்சு இறங்காதபடி ஒரு சென்சார் உண்டு. அந்தச் சென்சார் இருந்தால் மிஷின் அடிக்கடி நின்றுவிடும், நின்றால் ஒரு நாளைக்கு இத்தனை பாகம் என்ற கணக்கு குறையும். அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே மெயின்டனன்ஸ் ஆள் வந்து அதைக் கழற்றி வைத்துவிடுவார். சூப்பர்வைசர் சொல்லாமல் அவர் கழற்ற மாட்டார் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு நாள் அச்சு இறங்கியபோது சரோஜாவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அவள் கையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த வருஷம் நீ எம்.எஸ்.டபிள்யூ கடைசி வருஷம். ஒப்பந்தத் தொழிலாளிகளின் வேலைப் பாதுகாப்பு என்று உன் ஆய்வுக்குத் தலைப்பு எடுத்திருந்தாய். பல கம்பெனி ஏறி இறங்கி, கடைசியில் எங்கள் கம்பெனிதான் உள்ளே வந்து பார்க்க அனுமதி கொடுத்தது. அனுமதி கொடுத்தவர்களுக்கு முடிந்ததும் ஒரு பிரதி தர வேண்டும் என்பது உங்கள் கல்லூரி வழக்கம். சரோஜாவைப் பேச வைத்தது நான். அவளுக்கு இஷ்டமில்லை. விரலுக்கு நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸ் தொழிலாளர் அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்தது, எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று பயந்தாள். "என் புள்ளகிட்டத்தானே பேசப் போற? அவன் உனக்குக் கெடுதல் பண்ணுவானா?" என்று நான்தான் இழுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நீ போனை மேஜை மேல் வைத்துப் பதிவு செய்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழவேற்காட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சென்சாரைப் பற்றி நீ கேட்டதும் அவள் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அட்சரம் மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அத்த கழட்டி வெச்சிடறது, தம்பி. அப்பால ஓட்றது. இல்லாங்காட்டி கணக்கு வராது."

'அத்த' என்றால் அதை, அந்தச் சென்சாரை. யார் கழற்றுவது என்று அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. பதிவாகிக்கொண்டிருக்கும் போனுக்கு முன்னால் சூப்பர்வைசரின் பெயரைச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை, பொய் சொல்லவும் மனசில்லை. நம் ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. 'கழட்டி வெச்சிடறது, ஓட்றது.' செயல் இருக்கும், ஆள் இருக்காது. அந்த நிழலில் அவள் ஒதுங்கி நின்றாள். நீ தலையாட்டினாய், நானும் புரிந்துகொண்டேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்கவே முடியவில்லை. எவ்வளவோ பேரின் பேச்சு, மணிக்கணக்காகப் பதிவு, எல்லாம் நம் பக்கத்துப் பேச்சு, அதை எழுத்தாக்கி, ஆங்கிலமாக்கி, அத்தியாயமாக்க வேண்டும். சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டது. பதிவுகளை அந்த ஏஐ கருவியிடம் கொடுத்தாய். அது கேட்டு, எழுதி, மொழிபெயர்த்தும் கொடுத்துவிட்டது. அதை நான் தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். எங்கள் பேக்கிங்கில் கையால் எண்ணிய காலம் போய் இப்போது தராசு எண்ணுகிறது, யாரும் தப்பு என்று சொல்வதில்லை. ஆனால் உங்கள் கல்லூரி சுற்றறிக்கையில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது, சதவீதம். அதற்கு மேல் போனால் ரத்து, டிகிரி கிடையாது. அதனால் நீயும் உன் நண்பர்களும் அந்தச் சதவீதத்துக்குத்தான் பயந்தீர்கள். ஒரு கருவி எழுதியதை இன்னொரு கருவியில் போட்டு வார்த்தையை மாற்றினால் சதவீதம் குறைகிறதாம். ரயிலில் வரும்போதெல்லாம் உங்களுக்கு அதே பேச்சு. உன்னுடையது மிகவும் குறைவாக வந்தது என்று கைடு பாராட்டினார், நாம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். பேசியவர்களின் குரல் வெளியே போய்விடக் கூடாது என்று இன்னொரு விதி, ஏடு கொடுத்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். அதையும் ஒழுங்காகச் செய்தாய். எல்லா விதியும் நிறைவேறிவிட்டது. அந்த ஏட்டில் இருக்கும் வாக்கியம் சரோஜா சொன்னதுதானா என்று மட்டும் எந்த விதியும் உன்னைக் கேட்கவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் அடுத்த விசாரணை நடந்த நாள் சாயங்காலம் சரோஜா நம் வீட்டுக்கு வந்தாள். நீ அப்போதுதான் குளித்துவிட்டு வந்தாய். அவள் உட்காரவில்லை. "கம்பெனி வக்கீலு ஒரு பொஸ்தகத்தக் காட்டினான்க்கா. தம்பி எழுதினதாம். அதுல நானே சென்சார கழட்டிட்டு மிஷின் ஓட்டுவேன்னு நானே சொன்னா மாதிரி கீதாம். விசாரிக்கிற ஆபிசரம்மா நிறுத்தி நிறுத்திப் படிச்சாங்கோ. நான் அப்படிச் சொன்னேனா தம்பி?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. தான் சொன்னதைத் தானே மறந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவள் மாதிரி கேட்டாள். நீ உள்ளே போய் ஏட்டைப் புரட்டினாய். இருந்தது. பெயரை 'திருமதி எஸ்' என்று மாற்றியிருந்தாய். வலது கையில் இரண்டு விரல் இழந்த பிரஸ் ஆபரேட்டர் என்றும் எழுதியிருந்தாய், எங்கள் கம்பெனியில் அப்படி வேறு யார் இருக்கிறார்கள்? அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் 'நான்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் வாக்கியம் எழுத ஒரு ஆள் வேண்டுமாம். ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கருவி பேசியவளையே போட்டுவிட்டது. அவளே கழற்றினாள் என்று ஆகிவிட்டால் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பதுதான் கம்பெனியின் வாதம்.

"சொல்லல அத்தை" என்றாய். "நீங்க அப்படிச் சொல்லல." அவள் தலையாட்டிவிட்டு, "அப்ப இத்த அங்க வந்து சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்கவில்லை.

மறுநாள் நீ உன் கைடிடம் போனாய். அவரைப் பற்றி நான் கெட்டதாக எழுதப் போவதில்லை. அவர் கையெழுத்துப் போட்ட ஏடு அது, அவருக்கும் பயம் இருக்கும். 'தட்டச்சுப் பிழை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, கருவியைப் பற்றி வாயைத் திறக்காதே என்றார். திரும்பி வந்து நீ அதைச் சொன்னபோது முதலில் எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. உன் அப்பாதான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "தட்டச்சுப் பிழைன்னா எழுத்து மாறும். ஆளு எப்படிடா மாறும்? அந்த வக்கீலு கேக்க மாட்டானா, உங்கம்மாவும் சரோஜாவும் ஒண்ணா வேல செய்றவங்க, அம்மா சொல்லி மாத்திட்டியான்னு?" அது நியாயமான கேள்வி. பதிவும் கையில் இல்லை. அந்த 'நான்' எப்படி வந்தது என்று முழுசாகச் சொன்னால்தான், அது சரோஜாவின் வாயிலிருந்து வரவில்லை என்பதை யாரும் நம்புவார்கள். முழுசாகச் சொன்னால் நீ அந்தக் கருவியைப் பயன்படுத்தியதையும், சதவீதத்துக்காக வார்த்தைகளை மாற்றியதையும் சொல்ல வேண்டும்.

"எழுதிக் குடுத்தா டிகிரி போயிடும்மா. ஒரு டிரஸ்ட்ல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க, அதுவும் போயிடும்" என்றாய். "தெரியும்" என்றேன். எழுதாதே என்று சொன்னால் காலையில் எந்த முகத்தோடு சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் போவேன்? எழுது என்று சொன்னால், நம் வீட்டில் முதல் முதலாகப் பட்ட மேற்படிப்பு வரைக்கும் போன பிள்ளையின் படிப்பை என் வாயாலேயே நிறுத்தின மாதிரி ஆகும். என் மாமனார் காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் நம்முடையது. நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். நீ வெளியே போய் ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாய். வந்ததும் என்னிடம் எதையும் கேட்காமல் லேப்டாப்பைத் திறந்து, நடந்தது முழுவதையும் கல்லூரிக்கு எழுத ஆரம்பித்தாய். அது நீயாக எடுத்த முடிவு. இப்போது உன் கமிட்டியில் மற்றவர்கள் எதையாவது சொல்லி உன்னை அடக்கினால், இதை நினைத்துக்கொள். அன்று உனக்கு யாரும் தைரியம் கொடுக்கவில்லை, நான்கூட.

கல்லூரியில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது என்னையும் வரச் சொன்னார்கள், அவள் பேசும்போது பக்கத்தில் இருந்தவள் என்று. லீவு போட்டுவிட்டு வந்தேன். நீளமான மேஜை, ஏசி அறை. தலைமையில் உட்கார்ந்திருந்த அம்மா நல்லவர். "அவங்க என்ன வார்த்தை சொன்னாங்களோ அதையே சொல்லுங்க, நாகரிகமா மாத்த வேணாம்" என்றார். நான் சரோஜா சொன்ன மாதிரியே சொன்னேன். "அத்த கழட்டி வெச்சிடறது, அப்பால ஓட்றது, இல்லாங்காட்டி கணக்கு வராது." அவர் அதை எழுதிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். ஒருவர் 'நாங்கள் கழற்றுவோம்' என்று சொன்னார். இன்னொருவர் 'அவர்கள் கழற்றுவார்கள்' என்றார். மூன்றாமவர் யோசித்து, 'அது கழற்றப்படும்' என்றார். பிறகு முதலாமவர் உன்னைப் பார்த்து, "அப்போ மிஷின் போட்ட 'நான்' கூட இருக்கக்கூடிய ஒரு அர்த்தம்தானேப்பா? அதை மட்டும் எப்படித் தப்புன்னு சொல்றே?" என்று கேட்டார்.

நீ சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இருக்கலாம் சார். எது சரின்னு நான் அவங்களைக் கேட்டிருக்கணும். அவங்க எங்க பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க." அந்தத் தலைமை அம்மா பேனாவை மூடி வைத்தார்.

ஆனால் அதனால் எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. அதையும் உன் கமிட்டி தெரிந்துகொள்ளட்டும். ஏட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். திரும்ப எழுத வேண்டும், அடுத்த வருஷத்து மாணவர்களோடுதான் டிகிரி என்றார்கள். டிரஸ்ட் வேலை வேறு யாருக்கோ போயிற்று. நீ அந்தக் கோடை முழுக்க தடா பக்கத்தில் ஒரு குடோனில் கணக்கு எழுதப் போனாய். இன்னொன்றும் கேள்விப்பட்டோம். உன் வகுப்பிலேயே ஒருத்தன், ஒரு ஆளையும் பார்க்காமல், ஒரு பேட்டியும் எடுக்காமல், எல்லாவற்றையும் கருவியிடமே எழுதி வாங்கி, சதவீதத்தை மட்டும் குறைத்துக்கொண்டு நல்ல மதிப்பெண்ணோடு வெளியே போனான். "உண்மையச் சொன்னவன் உள்ள மாட்டிக்கினான், சொல்லாதவன் டாடா காட்டிட்டுப் போய்க்கினே இருக்கான்" என்று உன் அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கும் வயிறு எரிந்தது. அவன் மேல் அல்ல, அந்த விதி மேல்.

எங்கள் கம்பெனி கேட்டில் விபத்தில்லாத நாட்கள் என்று ஒரு போர்டு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எண்ணிக்கை ஏற ஏற லைனுக்குப் பரிசு என்றார்கள். அந்தப் போர்டு வந்த பிறகு எங்களில் யாரும் காயத்தைச் சொல்வதில்லை. விரல் கிழிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வோம். சொன்னால் லைனில் எல்லாருக்கும் பரிசு போய்விடும், எல்லாரும் முறைப்பார்கள். சரோஜாவுக்கே விரல் போவதற்கு முன்னால் அதே மிஷினில் ஒரு தபா நகம் பெயர்ந்தது. மறைத்துவிட்டாள். அன்று சொல்லியிருந்தால் யாராவது வந்து அந்தச் சென்சாரைப் பார்த்திருப்பார்கள். போர்டில் எண் ஏறிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். நீ படித்துக் காட்டிய விதியும் அந்தப் போர்டு மாதிரிதான் எனக்குக் கேட்டது. பயன்படுத்தினேன் என்று சொன்னவுடனே தலை போகும் என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்? சொல்லாத பிள்ளைக்கு எங்கே தப்பு வந்தது என்று நீ எப்படி எடுத்துக் காட்டுவாய்?

எனக்கு உங்கள் கல்லூரி விஷயம் தெரியாது. விதியே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் பைத்தியமும் இல்லை. முழுசாக எழுதி வாங்கி வந்து தன்னுடையது என்று நீட்டுகிறவனை நீங்கள் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடிப்பதற்கு உட்கார வைத்துப் பேசினாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரைப் பார்த்தாய், அவர்கள் என்ன சொன்னார்கள், நீ ஏன் இப்படி எழுதினாய் என்று நாலு கேள்வி கேட்டால், பார்த்தவன் யார், பார்க்காதவன் யார் என்று தெரிந்துவிடாதா? கருவியை எதற்கு எடுத்தேன் என்று ஏட்டின் முன்னாலேயே எழுதச் சொல், எழுதியதற்காகத் தண்டிக்காதே. இன்னொருவர் சொன்னதை எழுதினால் அவரிடம் திரும்பப் படித்துக் காட்டிவிட்டு எழுதச் சொல். ஒரு ஆளின் குரலை ஒரு கருவிக்குள் போடுவதற்கு முன்னால் அந்த ஆளைக் கேட்கச் சொல். சரோஜாவை யாரும் கேட்கவில்லை, அவள் குரல் எங்கெல்லாம் போயிற்று என்று இன்றைக்கும் நம் யாருக்கும் தெரியாது. உன் பழைய கல்லூரியிலும் பிறகு இப்படித்தான் விதியை மாற்றினார்கள் என்று நீயே சொன்னாய். அந்தத் தலைமை அம்மாதான் மாற்றினார். மாற்றியபோது உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்களே, அங்கே பேசியவன் இங்கே ஏன் புதுசு என்கிறாய்?

சரோஜாவின் கேஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஏட்டைத் திரும்ப எடுத்துவிட்டதாக எழுதிக் கொடுத்ததும் வக்கீல் அந்தப் பக்கத்தைக் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். உன்னால் கேஸ் ஜெயித்தது என்று யாரும் சொல்லவில்லை, நீயும் நினைத்துக்கொள்ளாதே. பிரஸ்ஸில் வேலை செய்த இரண்டு பெண்கள் வந்து, சென்சாரைக் கழற்றுவது யார் என்று பெயரைச் சொன்னார்கள். அதில் ஒருத்திக்கு அதற்குப் பிறகு அங்கே வேலை இல்லை. உத்தரவு சரோஜா பக்கம் வந்தது. இப்போது என்னோடு பேக்கிங்கில் உட்கார்ந்து இடது கையால் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள், வேகமாகவே ஒட்டுகிறாள்.

ஏட்டைத் திரும்ப எழுதும்போது நீ அவளிடம் போய் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன், படித்துக் காட்டுகிறேன், நீங்கள் சரி என்றால்தான் வைப்பேன் என்று சொன்னாய். அவள் உனக்கு நாஷ்டா வைத்தாள், இரண்டு இட்லி அதிகமாகவே வைத்தாள். ஆனால், "வேணாம் தம்பி. ஒரு தபா பேசினது போதும். பேஜாரா பூடுச்சு. நீ நல்ல புள்ளதான், அதுக்கோசரம் நான் திரும்பப் பேசணுமா?" என்று சொல்லிவிட்டாள். நீ வற்புறுத்தவில்லை. அவள் இல்லாமலேயே அந்த அத்தியாயத்தை முடித்தாய். நல்லவிதமாக நடந்துகொண்டால் எல்லாரும் மன்னித்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அன்று அது போயிற்று. அவள் பேசாமல் இருப்பது அவளுடைய உரிமை. அதற்குப் பிறகு அவள் உன்னைப் பற்றி என்னிடம் விசாரித்ததில்லை. நீ வேலையில் சேர்ந்ததைச் சொன்னபோதும் "நல்லது" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று மதியம் நான் இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்ட பிறகு அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அவள் மகள் திவ்யா இந்த வருஷம் பொன்னேரியில் பி.காம் சேர்ந்திருக்கிறாள். ஏதோ சர்வே எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது. "போனத் தூக்கிக்கினு அந்த ஏஐகிட்டயே கேட்டுக்கினு கீதுக்கா அந்தப் பொண்ணு. வேணாம்னு சொன்னா, எல்லாரும் இத்ததான் வெச்சிக்கினு கீறாங்கோ, உனக்கு ஒண்ணும் தெரியாதுங்குது. எனக்கு மெய்யாலுமே தெரியாதுதான். காலேஜுல கேட்டா சதவீதம் ஜாஸ்தியாவக் கூடாதுன்னு மட்டும் சொல்றாங்களாம்" என்றாள். கொஞ்ச நேரம் ஊறுகாய் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, "தம்பிய சொல்லச் சொல்லுக்கா. அவன் பட்டவன். எத்த அதுங்கிட்ட கேக்கலாம், எத்த ஆளுங்கிட்டயே போயி கேக்கணும்னு அவனுக்குத் தெரியும்" என்றாள்.

உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் போன் செய்வாள். சரோஜாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. முதல் மணியிலேயே எடு.

அம்மா